அறியாதோர் பிரிவு, எண் நாற்பத்தொன்று

முந்நூற்று ஐம்பத்தேழு நாட்களாகப் பூட்டுக்காரருக்குத் தன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று தெரியாது. இன்னும் ஏழு நாட்கள் பாக்கி இருந்தன.

யாரும் அளக்கவில்லை என்று குறை சொல்ல முடியாது. புதன்கிழமை தவறாமல், காலை பத்தேகாலுக்கு வந்து அளந்தார்கள். ஐம்பத்தோரு முறை அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்கள். ஐம்பத்தோரு முறை எண்ணைப் பார்த்தார்கள். ஐம்பத்தோரு மஞ்சள் அட்டைகளில் எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். சொல்லத்தான் இல்லை. சொல்லாமல் இருப்பதுதான் திட்டம்.

இந்தத் திட்டம், விளைவு மதிப்பீட்டு மையத்தினுடையது. மக்களுக்கு ஒரு நல்லது செய்தால் அது நல்லதுதானா என்று அளந்து சொல்வது அந்த மையத்தின் வேலை. இதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில், பார்வை மங்கிய பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மட்டும் மூக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். மீதிப் பிள்ளைகளுக்குக் கரும்பலகை எவ்வளவு தெரியவில்லை என்பதை மூன்று வருடம் துல்லியமாக அளந்தார்கள். அதற்குப் பரிசும் கிடைத்தது. இந்த வருடம் எடுத்துக்கொண்ட கேள்வி: ஒருவருக்கு அவருடைய ரத்த அழுத்தத்தைச் சொல்வதால் அவருக்கு நன்மை உண்டா?

சொன்னவர்களையும் சொல்லாதவர்களையும் ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். மையத்தின் இயக்குநரே தெரு நடுவில் நின்று, புகைப்படக்காரர் முன்னிலையில், ஒரு நாணயத்தைச் சுண்டினார். சலூன் இருந்த பக்கம் 'அறிந்தோர்' ஆனது. பூட்டுக்கடை இருந்த பக்கம் 'அறியாதோர்' ஆனது. தெரு அகலம் பதினெட்டு அடி.

பூட்டுக்காரர் கடை, இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாத அளவு. ஒரு சாவி வெட்டும் இயந்திரம், ஓர் இடுக்கிப் பட்டறை, சுவர் நிறைய ஆணிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள். நடு ஆணியில் மட்டும் பாதி வெட்டிய சாவி ஒன்று தொங்கியது. ஒன்பது வருடத்துக்கு முன், அதை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய அண்ணன் இதே பட்டறைமேல் சாய்ந்து இறந்தார். தலைவலி, மயக்கம் என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. "பிரஷர். முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு மாத்திரையில போயிருக்கும்" என்றார் டாக்டர். அண்ணனுக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது.

ஆய்வு தொடங்கிய இரண்டாம் மாதம் பூட்டுக்காரருக்கு நாற்பத்தொன்பது பிறந்தது.

அளக்க வருகிற பெண்ணைத் தெருவில் காற்றுக்காரம்மா என்பார்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவளோடு ஒல்லியாக ஒருவர் வருவார், கையில் மடக்கு நாற்காலியோடு. அவருடைய பதவி முகக் கண்காணிப்பாளர். எண்ணை வாயால் சொல்லாவிட்டாலும் முகம் சொல்லிவிடலாம் அல்லவா? அதனால் அளக்கும் பெண்களுக்கெல்லாம் இரண்டு வாரம் முகம் அசையாமல் இருக்கப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பயிற்சி நிலைக்கிறதா என்று பார்க்க அவர்.

முதல் வாரம் அவள் வாய் தவறி, "கையை நீட்டுங்கண்ணே" என்று சொல்லிவிட்டாள். முகக் கண்காணிப்பாளர் எழுந்து நின்றார். அன்றைய அளவு ரத்தானது. கையேட்டின் ஏழாம் விதி அவள் முன்னால் வாசிக்கப்பட்டது: 'அண்ணே, ஐயா, அப்பா முதலிய உறவுச் சொற்கள் பங்கேற்பாளருக்கு ஆறுதல் தரக்கூடும். ஆறுதல், அனுமதிக்கப்படாத சிகிச்சை.' மறுநாள் வந்து புதிதாக அளந்தார்கள். அதிலிருந்து அவர் நாற்பத்தொன்று.

"நாற்பத்தொன்று, கையை நீட்டுங்க."

"வாம்மா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"அது படிவத்துல இல்லாத கேள்வி" என்றார் முகக் கண்காணிப்பாளர்.

பட்டை இறுகியது. காற்று இறங்கியது. கருவியின் முகம் எப்போதும் அவள் பக்கம் திரும்பியிருக்கும்.

"எப்படிம்மா இருக்கு?"

"இருக்கு."

"கூடவா, குறைவா?"

அவள் யோசித்தாள். "எண்ணா இருக்கு."

"புருவம்" என்றார் முகக் கண்காணிப்பாளர், தன் தாளில் ஒரு கோடு போட்டபடி.

அவர்கள் போனதும் எதிர்ப்பக்கத்திலிருந்து சலூன்காரர் குரல் கொடுப்பார். அவர் அறிந்தோர் பிரிவு. வாராவாரம் தன் எண்ணைச் சோப்பு நுரையால் சலூன் கண்ணாடியில் எழுதி வைப்பார்.

"என்ன பூட்டு, இன்னிக்கும் ஒண்ணும் கசியலையா? எனக்கு நூத்தி ஐம்பத்தாறு, கீழ தொண்ணூத்தெட்டு. போன வாரத்தை விட ரெண்டு கூட!"

"அது அதிகம்யா."

"அதிகம்னு தெரிஞ்சு போச்சுல்ல? தெரியாதவனுக்குத்தான்யா பயம்." சொல்லிவிட்டு உப்புக் கடலையை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். "போய்யா, முகத்தைப் பாரு. ஷேவிங்குக்கு வந்தா கத்தி கூடப் பயந்துக்கும்."

ஒன்பதாம் வாரம் பூட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். காற்றுக்காரம்மா பேனாவை அழுத்தி எழுதுகிறவள். அவள் அட்டை வைத்து எழுதும் இடத்தில், முன்னாலேயே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு வைத்தார். அவர்கள் படி இறங்கியதும் தாளின்மேல் பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேய்த்தார். முதல் எண்ணின் வளைவு தெரிய ஆரம்பித்தபோது, மடக்கு நாற்காலியை மறந்துவிட்டுப் போன முகக் கண்காணிப்பாளர் திரும்பி வந்தார்.

தாள் பறிமுதல் ஆனது. பென்சிலும். அதன் பிறகு அட்டைக்கு அடியில் விரிக்க ஒரு கம்பளித் துண்டைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

மருந்துக்கடையிலும் கேட்டுப் பார்த்தார். கடைக்காரர் கருவியை எடுத்தார். பிறகு கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அறியாதோர் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஏதோ சுட்டதுபோல் கருவியை உள்ளே வைத்தார்.

"உங்க போட்டோ இருக்கு சார். என்னால முடியாது."

"கூடவா குறைவான்னு மட்டும் சொல்லுங்க. எண் வேணாம்."

"லைசென்ஸ் போயிடும் சார். அப்புறம், உங்க தெருவுக்கே போயிடும்."

அதுதான் விஷயம். அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் பதினோராம் பக்கத்தில் இருந்தது. அறியாதோரில் ஒருவர் அறிந்துவிட்டால் தெரு முழுவதும் திட்டத்திலிருந்து நீக்கப்படும். திட்டத்தோடு சேர்ந்து தெருமுனை மருத்துவ நிலையத்தின் இலவச மருந்துகளும் நிற்கும். அவருடைய மனைவிக்குச் சர்க்கரை. தினமும் இரண்டு ஊசி. ஊசி மருந்து அங்கிருந்துதான் வந்தது.

அறிந்தால் அவளுக்கு ஆபத்து. அறியாவிட்டால் தனக்கு. பூட்டுக்காரர் இரண்டு பயத்தையும் ஒரே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடமாடினார்.

"தலை சுத்துதா?" என்பாள் மனைவி.

"இல்ல."

"நெஞ்சுல ஏதாவது?"

"இல்ல."

"அப்புறம் என்ன, சும்மா சும்மா மோட்டுவளையைப் பார்த்துட்டு?"

"அண்ணனுக்கும் ஒண்ணும் இல்லையே."

குழம்பில் உப்புப் போடுவதை அவள்தான் முதலில் நிறுத்தினாள். இரண்டாம் மாதத்திலிருந்து அவர் விடிந்ததும் நாலு மைல் நடந்தார். பீடியை விட்டார். காபியை விட்டார். கோபப்படுவதை விட்டார், சாவி வாங்கிவிட்டுச் சில்லறை இல்லை என்பவர்களிடம்கூடச் சிரித்தார். தெருவில் அந்தப் பக்கம் முழுக்க இதே கதைதான். அறியாதோர் எல்லாரும் விடியற்காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், யாரோ துரத்துவதுபோல் நடந்துகொண்டிருந்தார்கள். அறிந்தோர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

முப்பதாம் வாரம் அது நடந்தது. காற்று இறங்கிய பிறகு காற்றுக்காரம்மா கருவியைப் பார்த்தாள். ஒரு முறை கண் சிமிட்டினாள். இன்னொரு முறை. பிறகு மறுபடி காற்றடித்தாள்.

"ஏன்மா ரெண்டாவது தடவை?"

"கருவி சரியா இருக்கான்னு…"

முகக் கண்காணிப்பாளர் இருமினார். அவள் உதட்டை மூடிக்கொண்டாள். எழுதும்போது பேனா அட்டையைக் கிழித்துவிடும் போல அழுந்தியது. அன்று அவள் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது, இயந்திரத்துப் பித்தளைத் தூள் அட்டையெல்லாம் ஒட்டியிருப்பதைக்கூடத் தட்டிவிடவில்லை.

மூன்று நாள் பூட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. சாவி வெட்டும்போதெல்லாம் ஓர் ஓரமாக, பட்டறையில் நெற்றி இடிக்காதபடி நின்று வெட்டினார்.

இரண்டு வாரம் கழித்து, நாலு வீடு தள்ளியிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் விழுந்தார். அவரும் அறியாதோர். காலையில் நடந்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போனார்கள். புதன்கிழமை பத்தரைக்கு முகக் கண்காணிப்பாளர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பெண் திறந்தாள். அவர் அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். தாளில் எழுதிக்கொண்டார்: 'முகவரியில் இல்லை.'

மறுநாள் காலை பூட்டுக்காரர் கடையைத் திறக்காமல் மையத்துக்குப் போனார்.

மையத்தில் எல்லாம் கண்ணாடி. ஆனால் எந்தக் கண்ணாடி வழியாகவும் எதுவும் தெரியாது. டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு இயக்குநரே கூப்பிட்டார். மிருதுவான மனிதர். பேசும்போது கைகளைச் சேர்த்து வைத்துக்கொள்வார்.

"உட்காருங்க. உங்க எண்?"

"நாற்பத்தொன்று சார். நான் விலகிக்கறேன் சார். எனக்கு என் எண் வேணும். இந்த எண் இல்ல சார், அந்த எண்."

"பயமா இருக்கா?"

"ஆமா சார். ரொம்ப."

"நல்லது." இயக்குநர் குறித்துக்கொண்டார். "பயம் எங்களுக்கு முக்கியமான தகவல்."

"தெரிஞ்சா ஒரு மாத்திரை போட்டுக்குவேன் சார். சரியாப் போயிடும்."

"சரியாப் போகுமான்னுதானே நாங்க கண்டுபிடிக்கப் பார்க்கறோம்? இப்பவே உங்ககிட்ட சொல்லிட்டா, சொல்லாம இருந்தா என்ன ஆகியிருக்கும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் எங்க நிலைமையையும் யோசிச்சுப் பாருங்க."

பூட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார். வியர்த்தது.

"சார், ஒருவேளை ரொம்ப அதிகமா இருந்து, எனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அப்படி ஆச்சுன்னா, சொல்றது நல்லதுங்கறதுக்கு அதை விட வலுவான ஆதாரம் இருக்க முடியாது." இயக்குநர் மேசைமேல் சாய்ந்தார். "உங்க பங்களிப்பை மையம் என்னிக்கும் மறக்காது."

"எங்க அண்ணன் இப்படித்தான் சார், நாற்பத்தொன்பது வயசுல…"

"அவர் ஆய்வுல இருந்தாரா?"

"இல்ல சார். ஒன்பது வருஷம் ஆச்சு."

"அப்ப அவர் ஒரு சம்பவம். நாங்க சம்பவங்களை எடுத்துக்கறதில்ல."

அந்த நேரத்தில் இயக்குநரின் கைக்கடிகாரம் கூவியது. "ஒரு நிமிஷம், பதினொண்ணாச்சு" என்று மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு ரத்த அழுத்தக் கருவி இருந்தது. சட்டையை மடித்து, பட்டையைச் சுற்றி, காற்றடித்து, எட்டிப் பார்த்தார்.

"நூத்திப் பதினெட்டு, எழுபத்தாறு. அப்பாடா." கருவியைச் செல்லமாகத் தட்டி உள்ளே வைத்தார். "தினம் மூணு வேளை பார்த்துடுவேன். பார்க்கலைன்னா எனக்கு வேலையே ஓடாது. சரி, நீங்க விலகணும்னா தாராளமா விலகலாம். கட்டாயம் எதுவும் கிடையாது. விலகினவங்க எண்ணை ஏழு வருஷம் கழிச்சுக் குடுப்போம். இருந்தீங்கன்னா இன்னும் நாலரை மாசத்துல முடிவு அறிவிப்பு. உங்க விருப்பம்."

ஏழு வருடத்தையும் நாலரை மாதத்தையும் பூட்டுக்காரர் மனத்துக்குள் நிறுத்துப் பார்த்தார். ஊசி மருந்தையும் தட்டில் வைத்தார். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வெளியே வரும்போது, வருகைக்கு நன்றி சொன்ன ஒரு பெண், அவருடைய பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பார் என்று கேட்டாள். பத்து என்றார். "எல்லாரும் பத்துதான் சொல்றாங்க" என்று அவள் சலித்துக்கொண்டாள்.

நாலரை மாதம் ஒருவழியாகக் கழிந்தது. முந்நூற்று ஐம்பத்தேழாம் நாள், ஐம்பத்தோராவது அளவு முடிந்து போன முகக் கண்காணிப்பாளர், மதியம் தனியாகத் திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது. அதைக் கண்காணிக்க யாரும் உடன் வரவில்லை.

"பூட்டுத் திறக்கணும். ஆபீஸ்ல."

விஷயம் இதுதான். கடைசி இரண்டு வார அளவுகள் வந்து முடிவை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக, போன வெள்ளிக்கிழமையே கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். முடிவையும் அட்டைக் கட்டுகளையும் ஓர் எஃகு அலமாரியில் வைத்தார்கள். சாவி தவறான கையில் சிக்கக் கூடாது. அதனால் சாவியை ஓர் உறையில் போட்டு, மூன்று அதிகாரிகள் மூன்று முத்திரை வைத்து, கட்டடத்திலேயே அதிகப் பாதுகாப்பான இடத்தில் அதை வைத்தார்கள். கட்டடத்திலேயே அதிகப் பாதுகாப்பான இடம் அந்த அலமாரி. கதவு தள்ளினாலே பூட்டிக்கொள்ளும் ரகம்.

"வேற ஆளைக் கூப்பிடலாமே சார்" என்றார் பூட்டுக்காரர்.

"விதிப்படி குலுக்கல் போட்டோம். உங்க சீட்டுதான் வந்துச்சு."

"எத்தனை சீட்டு?"

"ஒண்ணு. இந்த வட்டாரத்துல நீங்க ஒருத்தர்தானே."

அறையில் இயக்குநரும் மூன்று அதிகாரிகளும் நின்றார்கள். அறியாதோர் ஒருவர் அலமாரியைத் திறப்பதில் உள்ள சிக்கலை ஒரு மணி நேரம் விவாதித்து அவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஒரு கறுப்புத் துணியை எடுத்து அவருடைய கண்ணைக் கட்டினார்கள்.

"கண்ணைக் கட்டிட்டு எப்படி சார்?"

"எங்க ஆய்வே அப்படித்தான் நடக்குது" என்றார் இயக்குநர் பெருமையோடு. "திறங்க."

பூட்டுக்காரருக்கு அது சிரமமில்லை. பூட்டின் வயிற்றுக்குள் கண் போகாது, விரல்தான் போகும். நெம்புகம்பியை விட்டு, ஒவ்வொரு முள்ளாகத் தட்டி நிறுத்தினார். ஐந்தாவது முள் விழுந்ததும் கதவு தானே மூச்சுவிட்டதுபோல் திறந்தது.

"உறையை எடுத்துக் குடுங்க. நாங்க உள்ளே கை விடக் கூடாது. எங்க கை பட்டா முடிவு செல்லாது."

அவர் கையை உள்ளே நுழைத்தார். காகிதக் கட்டுகள். வரிசையாக, ஒழுங்காக, நூல் போட்டுக் கட்டியவை. கை இறங்கியது. கீழ்த்தட்டில் மூன்று கட்டுகள் தனியாக, ஒரு பெரிய கிளிப்பில் மாட்டியிருந்தன. அதன் அடியில் உறை.

உறையை எடுக்கும்போது விரல் நுனியில் நறநறவென்று ஏதோ ஒட்டியது. அவர் கை அப்படியே நின்றது. முப்பது வருடமாகத் தினமும் சோற்றோடு சேர்ந்து வாய்க்குள் போகிற தூள் அது. பித்தளைத் தூள். மேலே இருந்த கட்டு தன் கடையிலிருந்து வந்தது.

தனியாக. ஏன் தனியாக?

"என்ன தாமதம்?" என்றார் ஓர் அதிகாரி.

"உறை மாட்டிக்கிச்சு சார்."

மேல் அட்டையின் முதுகில் விரலை ஓட்டினார். கம்பளித் துண்டின்மேல் வைத்து, அழுத்தி எழுதிய பேனா. எழுத்து அட்டையின் பின்பக்கம் தழும்பு தழும்பாகப் புடைத்திருந்தது. ஒரு வளைவு, ஒரு சரிவு, அடியில் ஒரு கோடு. திருப்பிப் போட்ட இரண்டு. அடுத்த எண்ணுக்கு விரல் நகர்ந்தது. ஊசி மருந்து நினைவுக்கு வந்தது. விரலை இழுத்துக்கொண்டார்.

உறையோடு கை வெளியே வந்தது. "முகத்தைக் கவனிச்சீங்களா?" என்று இயக்குநர் கேட்டார். "கண் கட்டியிருக்கு சார், பாதி முகந்தான் தெரியுது" என்றார் முகக் கண்காணிப்பாளர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"ரெண்டா?"

"ரெண்டு."

"தேதியா இருக்கும். ரெண்டாம் தேதி."

"தேதியை மேல எழுதுவாங்க. இது நடுவுல."

"நடுவுல எழுதக் கூடாதா? அந்தப் பொண்ணுக்கு அன்னிக்குக் கை நடுங்கியிருக்கும்." சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

முந்நூற்று அறுபத்து நான்காம் நாள் மையத்தின் கூடத்தில் முடிவு அறிவிப்பு. இடப்பக்கம் அறிந்தோர், வலப்பக்கம் அறியாதோர், நடுவில் ஒரு கயிறு. பூட்டுக்காரர் மூன்றாம் வரிசையில் மனைவியோடு உட்கார்ந்தார். சலூன்காரர் கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "நூத்தி அறுபத்துநாலு!" என்று கைகாட்டினார். அளக்கும் பெண்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். எல்லா முகமும் ஒரே முகமாக இருந்தது.

இயக்குநர் மேடையேறினார்.

"பெரியோர்களே. உண்மையைச் சொன்னா, நாங்க எதிர்பார்த்தது வேற. சொன்னவங்க குணமாவாங்க, சொல்லாதவங்க மோசமாவாங்கன்னு நினைச்சோம். ஆனா எண்கள் என்ன சொல்லுது தெரியுமா? அறிந்தோர் பிரிவுல சராசரி நாலு புள்ளி ஏறியிருக்கு."

இடப்பக்கம் சலசலத்தது. சலூன்காரர் வாயில் போட்ட கடலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"அறியாதோர் பிரிவுல ஆறு புள்ளி இறங்கியிருக்கு! அதாவது, சொல்லாம இருக்கறதுதான் சிகிச்சை. மாத்திரை வேணாம், டாக்டர் வேணாம். ஒரு மனுஷன்கிட்ட இருந்து அவனைப் பத்தின ஒரு தகவலை மறைச்சா, அவன் தானா நல்லவனாயிடறான். உப்பைக் குறைக்கறான், நடக்கறான், கோபப்படறதில்ல. இந்த மருந்துக்கு உற்பத்திச் செலவு கிடையாது. மேலிடத்துல நம்ம பரிந்துரையை ஏத்துக்கிட்டாங்க. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்து எல்லாரையும் அளப்போம். யாருக்கும் சொல்ல மாட்டோம். அடுத்த கட்டமா சர்க்கரை, அதுக்கப்புறம் எக்ஸ்ரே."

கைதட்டல் எழுந்தது. அதிகாரிகள் தட்டினார்கள், மற்றவர்கள் தட்டாவிட்டால் அதுவும் குறிக்கப்படுமோ என்று தட்டினார்கள்.

"அப்போ எனக்கும் இனிமே…?" என்றார் சலூன்காரர் எழுந்து. அவர் குரல் அப்படி உள்ளே போய்ப் பூட்டுக்காரர் கேட்டதில்லை.

"உங்களுக்கும்தான். வாழ்த்துகள்."

திரையில் ஒரு பட்டியல் ஒளிர்ந்தது. பூட்டுக்காரர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். சேர்க்கப்பட்ட அறியாதோர்: இருநூற்று நாற்பது. சராசரிக்கு எடுத்துக்கொண்ட அறியாதோர்: இருநூற்று முப்பத்தேழு. வெட்டுக்குக் கொடுத்த சாவியில் பல் குறைந்தால் அவர் கண்ணில் படாமல் போகாது. மறுபடி படித்தார். மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் எழுந்துவிட்டார்.

"சார். மூணு பேர் குறையுது."

"கவனிச்சுட்டீங்களே! நல்ல கேள்வி." இயக்குநர் மகிழ்ந்தார். "மூணு பேருடைய அளவுகள் மத்ததோட ஒட்டாம, ரொம்ப மேல இருந்துச்சு. அதைச் சேர்த்தா சராசரி கெட்டுப் போகுது. அந்த எண்ணோட ஒருத்தர் ஒரு வருஷம் நடமாட முடியாதுங்க. ஆனா மூணு பேரும் வாராவாரம் அளவு குடுத்திருக்காங்க. அதுல ஒருத்தர் மட்டும் நடுவுல முகவரி மாறிட்டார். ஆகவே, அது மனுஷங்க இல்ல, கருவிப் பிழைன்னு முடிவு பண்ணி நீக்கினோம். கவலைப்படாதீங்க. நீங்க உட்காருங்க."

பூட்டுக்காரர் உட்காரவில்லை. உட்கார வேண்டும் என்றுதான் நினைத்தார். விரல் நுனியில் அந்தத் தூள் இன்னும் நறநறப்பதுபோல் இருந்தது. அண்ணனின் பாதிச் சாவி ஆணியில் லேசாக ஆடுவது இங்கிருந்தே தெரிந்தது.

சுவரோரத்தில் வரிசை கலைந்தது.

"கருவிப் பிழை இல்ல சார்" என்றாள் காற்றுக்காரம்மா.

கூடம் திரும்பிப் பார்த்தது. முகக் கண்காணிப்பாளர் பதறி எழுந்தார். "முகம்! முகத்தைச் சரி பண்ணும்மா!"

"ஒரு வருஷமா முகத்தைத்தானே பார்த்தீங்க. இப்போ காதைக் குடுங்க." அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள். "முப்பதாம் வாரம் கருவியை மாத்தினேன். அடுத்த வாரம் இன்னொரு கருவி. என் கையில சுத்திப் பார்த்தேன், என் புருஷன் கையில சுத்திப் பார்த்தேன். கருவியில ஒரு குறையும் இல்ல. மையத்துக்கு நாலு தடவை எழுதிக் குடுத்தேன். தபால்காரரைப் பத்தியும் எழுதிக் குடுத்தேன்."

"உன் ஒப்பந்தம்…" என்று இயக்குநர் தொடங்கினார்.

"பதினோராம் பக்கம்" என்று ஓர் அதிகாரி நினைவூட்டினார். "தெருவே போயிடும்."

பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காற்றுக்காரம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லும்மா" என்றாள். "ஊசியை நான் பார்த்துக்கறேன். நீ சொல்லு."

காற்றுக்காரம்மா கயிற்றைத் தூக்கி, குனிந்து, இந்தப் பக்கம் வந்தாள். அவர் முன்னால் நின்று, இரண்டு தோளையும் பிடித்து மெதுவாக நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அண்ணே, எழுந்திரிக்காதீங்க" என்றாள். "இருநூத்திப் பதினாலு. கீழ நூத்தி முப்பது."